கோப்பைக்கு முந்தைய காட்சிகள்: புதிய நாட்டில் காலூன்றும் இளம் வீரர்களைப் பற்றிய சில படங்கள்

புதிய நாட்டுக்குப் போய்ச் சேரும் ஓர் இளம் விளையாட்டு வீரரைப் பற்றிய படம் தேறுமா தேறாதா என்பதை அதன் இறுதிப் போட்டியை வைத்து முடிவு செய்ய முடியாது. இறுதிப் போட்டியை விறுவிறுப்பாக எடுக்க இன்று எல்லோருக்கும் தெரியும். மெதுவாக ஓடும் காட்சி, படிப்படியாக ஏறும் இசை, இருக்கையை விட்டு எழும் கூட்டம் என்று அதற்கான உத்திகள் எல்லாம் எப்போதோ கைவந்துவிட்டன. அந்த வீரர் முதல் முறையாகத் தனியாக ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பாடு கேட்கும் காட்சியையும், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் காத்திருக்கும் காட்சியையும், தொலைபேசியில் அம்மாவிடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் காட்சியையும் இயக்குநர் எப்படி எடுத்திருக்கிறார் என்று பார்த்தால், படம் யாருடைய கண் வழியாகப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். என்னுடைய அளவுகோல் இதுதான். இதை வைத்தே கீழே உள்ள படங்களை எடைபோடுகிறேன். சில படங்களின் முடிவைப் பேசாமல் அவற்றின் அருமையைச் சொல்ல முடியாது என்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்புவோர் இதைப் படத்துக்குப் பிறகு படிக்கலாம்.

இந்த வகையில் நான் முதலிடம் கொடுக்கும் படம் 2008-இல் வந்த ‘சுகர்’. அன்னா போடன், ரயன் ஃப்ளெக் இருவரும் சேர்ந்து எழுதி இயக்கியது. டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த மிகேல் சாண்டோஸ் என்ற பேஸ்பால் பந்துவீச்சாளன்தான் கதாநாயகன். அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கின் அணிகள் அந்தத் தீவில் பயிற்சிக்கூடங்கள் நடத்துகின்றன. அங்கே 16 வயதிலேயே ஒரு பையனை ஒப்பந்தம் செய்துவிட முடியும் என்பதால், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பைவிடப் பந்துவீச்சு பெரிய வழியாகத் தெரிகிறது. படம் இந்த அமைப்பை விளக்கிச் சொல்லாமல் நடத்திக் காட்டுகிறது. பயிற்சிக்கூடத்தின் வகுப்பறையில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ஆட்டத்துக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை மட்டும் கூட்டாக ஒப்பிக்கிறார்கள். களத்தில் பந்து எங்கே போகிறது என்று கத்துவதற்கு அந்த ஆங்கிலம் போதும். பசிக்கிறது என்றோ வலிக்கிறது என்றோ சொல்ல அது போதாது. வாரக் கடைசியில் மிகேல் வீட்டுக்கு வரும்போது, ஒப்பந்தப் பணத்தில் அம்மாவுக்காகக் கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்கிறது. அந்தப் பாதி வீடே படம் முழுக்க அவன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பாரம்.

அமெரிக்கா போனதும் உணவகத்தில் அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் தெரிந்த ஒரே பண்டத்தின் பெயர் ஃப்ரெஞ்ச் டோஸ்ட். எத்தனை முறை போனாலும் அதையே கேட்கிறார்கள். ஒருமுறை அவன் துணிந்து முட்டை கேட்கிறான். எப்படிப்பட்ட முட்டை வேண்டும் என்று பரிமாறும் பெண் திருப்பிக் கேட்டதும் பதில் தெரியாமல் மறுபடியும் ஃப்ரெஞ்ச் டோஸ்டுக்கே திரும்பிவிடுகிறான். அவள் உள்ளே போய், மூன்று விதமாகச் செய்த முட்டைகளை ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றையும் காட்டி அதன் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டு நிமிடம் கூட நீளாத இந்தக் காட்சியில் இசை பொங்கவில்லை, யாரும் அழவில்லை. ஆனாலும் ஒரு நாடு ஒரு மனிதனுக்குக் கதவைத் திறப்பது என்றால் நடைமுறையில் என்னவென்று இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி இந்த வகைப் படங்களில் வேறெதிலும் இல்லை.

அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூர் அணிக்கு அவன் அனுப்பப்படுகிறான். அங்கே அவனைத் தங்கவைக்கும் முதிய தம்பதியினர் விவசாயிகள், பேஸ்பால் பைத்தியங்கள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள், மிகவும் நல்லவர்கள். அந்த வீட்டில் அவனுக்கு யாரும் தீங்கு செய்வதில்லை. இருந்தும் அவன் தனியாகிக்கொண்டே போகிறான். வில்லன் ஒருவரை வைத்துக் கதையை எளிதாக்கிவிடாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. டொமினிக்கன் குடியரசிலிருந்தே வந்த நண்பன் ஹோர்ஹே காயத்துக்குப் பிறகு அணியிலிருந்து விடுவிக்கப்படும்போது, மிகேலுக்கு மட்டுமல்ல, பார்க்கும் நமக்கும் கணக்கு புரிந்துவிடுகிறது: இந்தப் பையன்களில் பெரும்பாலோர் மேலே போகப்போவதில்லை. பிறகு மிகேலுக்கே காயம் படுகிறது, பந்து சொன்னபடி கேட்க மறுக்கிறது, ஒரு நாள் அவன் யாரிடமும் சொல்லாமல் நியூயார்க்குக்குப் பேருந்து ஏறிவிடுகிறான். அங்கே பாத்திரம் கழுவுகிறான், மரவேலைப் பட்டறை ஒன்றில் இடம் பிடிக்கிறான், தன்னைப் போலவே ஒரு காலத்தில் பெரிய அணிகளால் ஒப்பந்தம் செய்யப்பட்டு வெளியே வந்தவர்களோடு பிராங்க்ஸ் பகுதியின் மைதானமொன்றில் பந்து வீசுகிறான். தோற்றவன் என்று அவனைப் படம் எங்கும் சொல்லவில்லை. ஊக்கமூட்டும் படம் என்ற சொல்லுக்கு இந்த முடிவு பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் பொருந்தும் என்பது என் கருத்து. தன்னை வாங்கி வந்தவர்களின் கணக்கிலிருந்து விலகித் தன் வாழ்க்கையைத் தானே தொடங்கும் இருபது வயதுக்காரனின் துணிவு எந்தக் கோப்பைக்கும் குறைந்ததில்லை. மிகேலாக நடித்த அல்ஜெனிஸ் பெரெஸ் சோட்டோவுக்கு இதற்கு முன் நடிப்பு அனுபவம் கிடையாது. பந்து வீசத் தெரிந்த உடல் அவருடையது. பந்துவீச்சு மேட்டில் ஏறி நிற்கும் விதத்திலேயே அது தெரிகிறது.

இதற்கு அடுத்தபடியாக, 2022-இல் சாலி எல் ஹொசைனி இயக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி ஸ்விம்மர்ஸ்’. சிரியாவின் டமாஸ்கஸைச் சேர்ந்த யூஸ்ரா மர்தினி, சாரா மர்தினி என்ற சகோதரிகளின் உண்மைக் கதை. 2015-இல் துருக்கியிலிருந்து கிரீஸின் லெஸ்போஸ் தீவை நோக்கிச் சென்ற ரப்பர் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. நீச்சல் தெரிந்த இந்தச் சகோதரிகள் தண்ணீரில் இறங்கிப் படகு கவிழாமல் கரைசேர உதவினார்கள். மறு ஆண்டே யூஸ்ரா, வரலாற்றில் முதல் முறையாக அமைக்கப்பட்ட அகதிகள் ஒலிம்பிக் அணியின் 10 வீரர்களில் ஒருவராக ரியோவில் நீந்தினார். இப்படிப்பட்ட கதையை யார் எடுத்தாலும் மனம் உருகும். இயக்குநரின் திறமை தெரிவது உருக்கத்தில் இல்லை, விவரங்களில் இருக்கிறது. 18 வயதாகும் முன் யூஸ்ரா ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டால் குடும்பத்தைப் பின்னால் வரவழைக்க விண்ணப்பிக்கலாம் என்ற சட்டக் கணக்குதான் அந்தப் பயணத்தையே தொடங்கி வைக்கிறது. நீச்சல் வீராங்கனைக்கு நொடிகளை எண்ணிப் பழக்கம். இங்கே பிறந்தநாளை எண்ண வேண்டியிருக்கிறது. லெஸ்போஸ் கரையில் மலைபோலக் குவிந்து கிடக்கும் உயிர்காப்பு உடைகளின் இடையே அவர்கள் நடந்துபோகும்போது கேமரா மேலே உயர்கிறது. அந்தக் குவியலின் அளவைக் கண்ட பிறகு, இவர்கள் கதை ஆயிரக்கணக்கான கதைகளில் ஒன்று என்பதை வசனமாகச் சொல்லத் தேவை எழவில்லை.

பெர்லின் வந்த பிறகு படம் பழகிய தடத்தில் ஓடத் தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீச்சல் மன்றத்தின் கதவைத் தட்டுவது, நல்ல மனம் கொண்ட பயிற்சியாளர் கிடைப்பது, பயிற்சி, சோர்வு, மீண்டும் பயிற்சி என்று கடைசி முக்கால் மணி நேரத்தை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ரியோவில் யூஸ்ரா 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் தன் தகுதிச் சுற்றுப் பிரிவில் முதலாவதாக வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றுக்கு அந்த நேரம் போதவில்லை. படமோ அந்த முதலிடத்தைப் பதக்கம் வென்றது போன்ற ஒளியில் காட்டுகிறது. இவ்வளவு பெரிய பயணத்துக்கு அந்தச் சிறிய மிகைப்படுத்தல் தேவைப்பட்டிருக்க வேண்டாம். ஆனால் இந்தக் குறையை ஈடுகட்டும் ஒன்று படத்தில் உண்டு. அகதிகள் அணி என்ற பெயரில் நீந்த யூஸ்ரா முதலில் மறுக்கிறாள். தன் நாட்டுக்காக நீந்தவே அவள் சிறு வயதிலிருந்து கனவு கண்டவள். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடமாக அது ஆகிவிடுமோ என்ற அவளுடைய கூச்சத்தைப் படம் அவசரப்பட்டுத் துடைத்துவிடவில்லை. இன்னொரு பக்கம் சாரா நீச்சலையே விட்டுவிடுகிறாள். தாங்கள் கரையேறிய தீவுக்கே திரும்பிப் போய், புதிதாக வரும் படகுகளுக்கு உதவ முடிவெடுக்கிறாள். அந்தப் பணிக்காகவே அவர் 2018-இல் கிரீஸில் கைது செய்யப்பட்டார். தங்கை குளத்திலும் அக்கா கடற்கரையிலும் என்று இரண்டு வழிகளையும் சம மதிப்போடு காட்டியதால், வென்றவர் மட்டுமே கதைக்கு உரியவர் என்ற பழைய வழக்கத்தை இந்தப் படம் உடைக்கிறது.

அதே 2022-இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் வந்த ‘ரைஸ்’, அகின் ஓமொட்டோசோ இயக்கியது. கூடைப்பந்து வீரர் ஜியானிஸ் அன்டெட்டோகூன்போவின் இளமைக்காலம். இதில் நாடு அவனுக்குப் புதிதே இல்லை. நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1994-இல் ஏதென்ஸில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன் அவன். பிறந்த நாடே அவனைக் குடிமகனாக ஏற்காமல் இருந்ததுதான் சிக்கல். பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் கண்ணாடியும் கைக்கடிகாரமும் விற்கிறார்கள். போலீஸைக் கண்டால் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஜியானிஸும் அண்ணன் தனாசிஸும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து ஆடுகிறார்கள். ஒருவன் களத்திலிருந்து வெளியே வந்ததும் குனிந்து கழற்றிக் கொடுக்க, மற்றவன் அவசரமாக மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். 2013-இல், அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 15-ஆவதாக மில்வாக்கி பக்ஸ் அணி அவனைத் தேர்ந்தெடுத்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவனுக்குக் கிரேக்கக் குடியுரிமையே கிடைத்தது என்பது அந்த அளவுக்குத் தெரியாத செய்தி. படத்தின் உண்மையான பதற்றமும் அங்கேதான் இருக்கிறது: அவன் எவ்வளவு உயரம் எம்பிக் குதித்தாலும் பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது.

குடும்பப் பாசத்தை இவ்வளவு நிறைவாகக் காட்டும் படம், வெளியே தெருவில் இருந்த வெறுப்பை மட்டும் மெல்லத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2012-இல்தான் குடியேறிகளை வெளிப்படையாக எதிர்த்த தங்க விடியல் கட்சி கிரீஸ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. ஏதென்ஸின் கறுப்பினச் சிறுவர்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்தப் படத்தில் போதிய இடம் இல்லை. ஜியானிஸே நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் என்பதும், குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் படமாக இது திட்டமிடப்பட்டதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கிரீஸில் பிறந்து அங்கேயே படிக்கும் குடியேறிகளின் பிள்ளைகள் குடியுரிமை பெறுவதற்கான சட்ட வழி 2015-இல்தான் நிலைபெற்றது. அந்தத் தகவல் படத்தின் முடிவில் ஓர் எழுத்துப் பலகையாக வந்திருந்தால்கூட, தனி ஒருவனின் அதிசயமாக நிற்கும் கதைக்கு இன்னும் விரிந்த பொருள் கிடைத்திருக்கும்.

‘தி ஸ்விம்மர்ஸ்’, ‘ரைஸ்’ இரண்டிலும் ஒரு நல்ல ஒற்றுமை உண்டு. முன்னதில் நத்தலி இசா, மனால் இசா என்ற உடன்பிறந்த சகோதரிகள் நடித்திருக்கிறார்கள்; பின்னதில் உச்சே அகாடா, ரால் அகாடா என்ற உடன்பிறந்த சகோதரர்கள். சண்டை போட்ட அடுத்த நொடியில் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் இயல்பும், ஒருவர் பேச்சை மற்றவர் பாதியில் முடித்து வைக்கும் பழக்கமும் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. வேற்று நாட்டில் வேரில்லாமல் நிற்பவர்களுக்கு உடன்பிறப்புதான் கூடவே வந்த ஊர் என்பதை இந்த இரண்டு படங்களும் நடிகர் தேர்விலேயே சொல்லிவிடுகின்றன.

யார் கண்ணில் கதை ஓடுகிறது என்ற கேள்வியில் சறுக்கிய படங்களுக்கு வருவோம். 2014-இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’, ஏ.ஆர்.ரஹ்மானின் இசைக்காகவே நம்மில் பலர் பார்த்த படம். ஈட்டி எறிதலில் பயிற்சி பெற்ற ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்கள், 2008-இல் நடந்த பந்துவீச்சுப் போட்டி ஒன்றின் வழியாக அமெரிக்கா சென்று, பேஸ்பாலை முதலிலிருந்து கற்றுக்கொண்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அதுவரை எந்த இந்தியரும் செய்யாத செயல். கையில் இப்படியொரு கதையை வைத்துக்கொண்டு, அவர்களை அழைத்துவந்த முகவர் எப்படி நல்ல மனிதராக மாறினார் என்பதைத்தான் படம் முதன்மையாகச் சொல்கிறது. இளைஞர்கள் அந்நிய வசதிகளைக் கண்டு வியப்பதும் நாம் அதைப் பார்த்துச் சிரிப்பதுமாகப் பல காட்சிகள் கரைகின்றன. ஈட்டிக்காகப் பழகிய தோளும் முழங்கையும் பேஸ்பாலுக்கு மாறும்போது என்ன பாடுபடும் என்று கேட்க எனக்கு ஆசை. படத்துக்கு அதில் ஆர்வம் குறைவு. சூரஜ் சர்மாவும் மதுர் மித்தலும் கண்களாலேயே வீட்டு ஏக்கத்தைக் கொண்டுவருவதால்தான் படம் தப்பிக்கிறது.

நிக்கி காரோ இயக்கி 2015-இல் வந்த ‘மெக்ஃபார்லண்ட், யுஎஸ்ஏ’ படத்திலும் நடுநாயகம் பயிற்சியாளர்தான். கெவின் காஸ்ட்னர் நடித்திருக்கிறார். கலிபோர்னியாவின் வயல்களில் வேலை செய்யும் மெக்சிகோ வழிக் குடும்பங்களின் பிள்ளைகள் 1987-இல் மாநில நெடுந்தூர ஓட்டப் போட்டியில் வென்ற உண்மை நிகழ்ச்சி இது. ஜிம் வைட் என்ற அந்த ஆசிரியர் 1964 முதலே அதே ஊரில் பாடம் நடத்தியவர். படம் அவரை 1987-இல் புதிதாக வந்து இறங்கியவராக மாற்றிக்கொண்டது. இந்த மாற்றத்தால் ஒரு நன்மை விளைந்தது: ஊருக்கு அந்நியராக நிற்பவர் வெள்ளைக்கார ஆசிரியர், ஊர்க்காரர்கள் பையன்கள். பையன்கள் விடியுமுன் வயலில் குனிந்து வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள் என்பது தெரிந்து, அவரும் ஒரு நாள் முட்டைக்கோஸ் பறிக்கப் போகிறார். அந்த ஒரு நாளிலேயே அவர் முதுகு ஒடிந்துபோகிறது. பையன்களோ அதற்குப் பிறகு ஓட்டப் பயிற்சிக்கு வருகிறவர்கள். அவர்களுடைய தாங்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதை வயலே சொல்லிவிடுகிறது. ஆசிரியரின் குடும்பக் கதையில் பாதியை வெட்டி அந்த நேரத்தை அணியில் ஓடும் டயஸ் சகோதரர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் மிஞ்சுகிறது.

அதிகம் பேசப்படாத ஒரு பிரெஞ்சுப் படத்தையும் சொல்ல வேண்டும். 2019-இல் வந்த ‘ஃபஹீம்’, வங்கதேசத்திலிருந்து 2008-இல் தந்தையோடு தப்பி வந்த எட்டு வயதுச் சிறுவனின் கதை. அவன் 2012-இல் பிரான்ஸின் 12 வயதுக்கு உட்பட்டோர் சதுரங்கப் பட்டத்தை வென்றான். சதுரங்கம் விளையாட்டுப் படக் கணக்கில் சேருமா என்று யோசிக்க வேண்டாம். கட்டத்துக்கு உள்ளே ஆடும் ஆட்டமும் வெளியே புகலிட அலுவலகத்தோடு ஆடும் ஆட்டமும் ஒன்றையொன்று விரட்டுவதால் படத்தில் வேகத்துக்குக் குறைவில்லை. சிறுவன் பள்ளியிலும் மன்றத்திலும் மொழியைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் போக, மொழியும் வேலையும் இல்லாத தந்தை சுருங்கிக்கொண்டே போகிறார். பிள்ளைக்கு நாடு பழகும் வேகமும் பெற்றவருக்குப் பழகும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இந்தப் படம் அளவுக்கு வலியோடு சொன்ன படம் குறைவு. வானொலி நிகழ்ச்சியில் பெண்ணொருவர் ஃபஹீமைப் பற்றிப் பிரதமரிடமே நேராகக் கேள்வி கேட்பது கற்பனை போலத் தோன்றும், உண்மையில் நடந்தது.

2010-இன் ‘தி கராத்தே கிட்’ அமெரிக்கச் சிறுவனைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோவதால் திசை மாறிய படம். ஜாக்கி சானுக்காகவும் மேல்சட்டையைக் கழற்றி மாட்டியே தற்காப்புக் கலை கற்கும் பயிற்சிக்காகவும் பார்க்கலாம். தாயின் வேலை மாற்றத்தால் முறையாகக் குடியேறும் பிள்ளைக்குக் காகிதக் கவலை ஏதுமில்லை என்பதால், மற்றப் படங்களில் உள்ள கனம் இதில் இராது. 2005-இன் ‘கோல்’ படத்தைக் கால்பந்து ரசிகர்கள் ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவுதான்.

‘சுகர்’ படத்துக்கு உறவுமுறையில் நெருங்கிய படம் ஒன்று மலையாளத்தில் இருக்கிறது: ஸக்கரியா முகமது இயக்கி 2018-இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. மலப்புரத்தின் எழுவர் கால்பந்துப் போட்டிகளில் ஆட வந்த சாமுவேல் காலில் அடிபட்டு, அணி மேலாளர் மஜீதின் வீட்டில் படுத்திருக்கிறான். மஜீதின் அம்மாவும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத நிலையில் அவனைப் பார்த்துக்கொள்கிறார்கள். விளையாட்டு வீரன் ஆடாமல் கிடக்கும் நாட்களை வைத்தே ஒரு விளையாட்டுப் படத்தை நிரப்ப முடியும் என்று துணிந்தது பெரிய விஷயம். ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற எல்லோரையும் சுடானி என்றே அழைக்கும் ஊரின் வெகுளித்தனத்தையும், அதற்குள் ஒளிந்திருக்கும் அலட்சியத்தையும் படம் ஒருசேரக் காட்டுகிறது. இங்கும் பாஸ்போர்ட்தான் கதையின் முடிச்சு. சாவித்ரி ஸ்ரீதரன், சரசா பாலுசேரி இருவரின் நடிப்புக்கு முன்னால் எந்தக் கோல் காட்சியும் நிற்காது.

இந்தப் படங்களில் இன்னும் வராத பக்கங்கள் பல. 18 வயது ஆகாத வீரர்களின் பன்னாட்டு அணி மாற்றத்தை, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி, சில விலக்குகள் தவிர, தடை செய்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போலி முகவர்களால் அழைத்து வரப்பட்டு நடுத்தெருவில் விடப்படும் கால்பந்துச் சிறுவர்களின் கதைக்கு, ‘சுகர்’ போன்ற பொறுமையுள்ள படம் ஒன்று வேண்டும். பெண் வீராங்கனைகள் மையமாக வரும் படங்களும் போதாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்று அகதிகள் அணிக்கு முதல் பதக்கம் பெற்றுத் தந்த சிண்டி இங்காம்பா, கேமரூனில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர். அவருடைய வாழ்க்கையை எடுக்க யாரேனும் முன்வந்தால், பயிற்சியாளரை ஓரத்தில் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதற்கு ‘ரைஸ்’, ‘ஃபஹீம்’, ‘மெக்ஃபார்லண்ட், யுஎஸ்ஏ’ மூன்றும் ஏற்றவை. ‘தி ஸ்விம்மர்ஸ்’ படத்தில் போரும் கடல் பயணமும் கடுமையாக இருப்பதால் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே காட்டலாம். ‘சுகர்’ வயது வந்தோருக்கான சில காட்சிகளும் பேச்சும் கொண்டது; பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் ஓடுவதால் சப்டைட்டிலும் அவசியம். விளையாட்டுக்காகப் பிள்ளையை வேறு நாட்டுப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ‘சுகர்’ படத்தைத் தாங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.